மவுசாகலைக்கு வந்த பழைய பைபர் போட்: பின்பலகை உக்கிவிட்டது, மற்றப் பாகங்களை வீட்டிலேயே வார்க்கலாமா?

நோர்வூட்டான்:

அண்ணன்மாருக்கு வணக்கம். நான் நோர்வூட்டில் கராஜ் ஒன்றில் வேலை செய்கிறவன். எங்கள் சித்தப்பா மவுசாகலை நீர்த்தேக்கத்தில் வலை போடுகிறார். இவ்வளவு காலமும் மற்றவர்களின் வள்ளத்தில் பங்குக்குப் போய்க்கொண்டிருந்தவர், இந்த முறை துணிந்து நீர்கொழும்புப் பக்கம் கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த 18 அடி பைபர் போட் ஒன்றை வாங்கிவிட்டார். லொறியில் ஏற்றி கினிகத்தேனை வழியாக மேலே கொண்டுவந்து, தோட்டத்து ஸ்டோருக்கு (தேயிலைத் தொழிற்சாலைக்கு) பின்னால் இருக்கிற பழைய ஷெட்டில் போட்டிருக்கிறோம். மார்ச் முடியும்வரை வைத்துக்கொள்ளுங்கள் என்று தோட்டத்துத் துரை (மேனேஜர்) சொல்லியிருக்கிறார்.

நிலைமை இதுதான். என்ஜின் மாட்டும் பின்பலகை வெளியே பார்க்க நன்றாக இருக்கிறது, ஆனால் பழைய போல்ட் ஓட்டையில் ஸ்குரூ டிரைவரை விட்டால் மரம் கொழகொழவென்று உள்ளே போகிறது, தேயிலைச் சாயம் மாதிரி தண்ணீர் வடிகிறது. முன்பக்கப் பெட்டிக்கு மூடி இல்லை. நடு ஆசனம் உடைந்திருக்கிறது. அடியில் இரண்டு கை அகலத்துக்கு பைபர் ஓடு தேய்ந்து உள்ளே இருக்கிற நூல் தெரிகிறது.

மூடி, ஆசனப் பெட்டி, வலை வைக்கும் தட்டு எல்லாவற்றையும் நானே வார்க்கலாம் என்று நினைக்கிறேன். திரீவீலர் மட்கார்ட் ஒட்டிய பழக்கம் இருக்கிறது. ஆனால் இங்கே சின்னத் துண்டு ஒன்று போட்டுப் பார்த்தேன், மறுநாள் காலையிலும் கையில் ஒட்டுகிறது. ரெசின் பழசா, ஹார்ட்னர் (ரெசினை இறுக வைக்கிற திரவம்) போதவில்லையா, இல்லை இந்தக் குளிரா? இன்னொன்று, ஆசனத்துக்குள்ளே ரெஜிபோம் (சாமான் பெட்டிகளில் வருகிற வெள்ளை நுரை) அடைத்து மூடினால் போட் தாழாது என்கிறார் சித்தப்பா. சரிதானா?

லொறிபொடி:

தம்பி, நான் நுவரெலியாவில் வேனுக்கும் லொறிக்கும் பைபர் பம்பர், கூரை அடிக்கிறவன். போட் செய்ததில்லை, அதனால் பின்பலகை பற்றி வாய் திறக்க மாட்டேன். குளிரைப் பற்றிச் சொல்கிறேன்.

ஒட்டுகிறது என்பதில் இரண்டு வகை. நகத்தால் அழுத்திப் பாருங்கள். உள்ளே கல்லுப் போல இருந்து மேல் தோல் மட்டும் பிசுபிசுத்தால் அது பிழையே இல்லை. பொலியெஸ்டர் ரெசினின் மேற்பரப்பு காற்றுப் பட்டால் முழுதாக இறுகாது. அடுத்த படை போடுவதற்கு அந்தப் பிசுபிசுப்பு நல்லதுதான். கடைசிப் படையில் மெழுகு கலந்த ரெசின் பூசுங்கள், அல்லது மேலே பொலித்தீன் தாளை விரித்துக் குமிழ் இல்லாமல் தேய்த்து விடுங்கள், காற்று அடைபட்டு நன்றாக இறுகும். நகம் பதிந்தால்தான் பிரச்சினை. அது இறுகவே இல்லை, அதற்கு மேல் எதைப் பூசினாலும் வீண், சுரண்டி எடுக்க வேண்டியதுதான்.

பெரும்பாலும் குளிராகத்தான் இருக்கும். 15 பாகைக்குக் கீழே போனால் இந்த ரெசின் தூங்கிவிடும். உங்கள் பக்கம் தை, மாசியில் பகலில் வெயில் சுள்ளென்று அடித்தாலும் இரவில் என்ன குளிர் என்று உங்களுக்கே தெரியும், பின்னேரம் போட்ட வேலை அந்தக் குளிரில்தான் கிடக்கிறது. அதனால் காலை பத்து மணிக்குப் பனி விலகி ஷெட் காய்ந்த பிறகு தொடங்கி ஒன்றரைக்குள் கையைக் கழுவிவிடுங்கள். ரெசின் டின்னை முதலில் சுடுதண்ணீர்ப் பேசினில் வைத்துக் கைச்சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். அடுப்பில் வைக்காதீர்கள், அடுப்புக்குப் பக்கத்திலும் வேண்டாம், அதன் ஆவி பற்றிக்கொள்ளும். அச்சும் சூடாக இருக்க வேண்டும், வெயிலில் வைத்து எடுங்கள். போட்டு முடித்து, மணம் ஓரளவு அடங்கிய பின் மேலே கூடாரம் மாதிரி பொலித்தீன் கட்டி உள்ளே பழைய குண்டு பல்பு இரண்டை எரியவிட்டால் இரவு தாண்டிவிடும்.

குளிர் என்பதற்காக ஹார்ட்னரை அள்ளி ஊற்றுகிறவர்கள் எங்கள் தொழிலிலேயே இருக்கிறார்கள். வேண்டாம். எடையில் 1 முதல் 2 வீதம், அவ்வளவுதான். 1 கிலோ ரெசினுக்கு 2 வீதம் என்றால் கிட்டத்தட்ட 20 மில்லி. பாமசியில் சிரிஞ்ச் வாங்கி அளந்து ஊற்றுங்கள், மூடியால் அளக்கிற கதை பைபருக்குச் சரிவராது. 1 வீதத்துக்குக் கீழே போனாலும் ஆபத்து, பிறகு எவ்வளவு சூடு காட்டினாலும் முழுதாக இறுகாது. கலந்ததை ஆழமான டப்பாவில் வைத்திருக்காதீர்கள், தட்டையான தட்டில் ஊற்றுங்கள். ஆழமாக இருந்தால் தானே சூடேறிப் புகைந்து வெடித்துக் கட்டியாகிவிடும்.

கடையில் கோபால்ட் (இறுகுவதை வேகப்படுத்துகிற சாமான்) என்று ஊதா நிறத்தில் ஒரு போத்தல் தனியாகத் தந்தால் கவனம். அதையும் ஹார்ட்னரையும் ஒருபோதும் நேரடியாகச் சேர்க்கக்கூடாது, வெடிக்கும். கோபால்டை ரெசினில் போட்டு நன்றாகக் கலக்கி முடித்த பிறகுதான் ஹார்ட்னர். ரெசின் ஏற்கனவே இளஞ்சிவப்பாக இருந்தால் பெரும்பாலும் கலந்துதான் தந்திருப்பார்கள், கேட்டுப் பாருங்கள். ஹார்ட்னர் கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். கண்ணாடி போடாமல் அந்தப் போத்தலைத் திறக்காதீர்கள்.

மூடிக்கும் பெட்டிக்கும் அச்சு செய்ய மெலமைன் பலகை போதும். பார்சல் ஒட்டுகிற பிரவுண் டேப்பை மடிப்பில்லாமல் ஒட்டினால் அதன் மேல் பொலியெஸ்டர் பிடிக்காது, மலிவான வழி. நல்ல பளபளப்பு வேண்டுமென்றால் மெழுகு, பல கோட், ஒவ்வொன்றும் காய்ந்த பின் துடைத்து. சிலிக்கன் கலந்த கார் பொலிஷ் வேண்டாம், ஜெல் கோட் (வெளியே தெரிகிற வழுவழுப்பான மேற்பூச்சு) அங்கங்கே மீன் கண் மாதிரி விலகி நிற்கும். மூலைகளைக் கூராக விடாதீர்கள், பிளாஸ்டிசின் வைத்து விரலால் உருட்டி வளைத்து விடுங்கள், மெட் (நறுக்கிய கண்ணாடி நூல் விரிப்பு) கூரான மூலையில் உட்காராமல் உள்ளே காற்று நிற்கும். பக்கங்கள் செங்குத்தாக இல்லாமல் கொஞ்சம் விரிந்து இருக்கட்டும். இல்லாவிட்டால் சாமான் அச்சோடு குடும்பம் நடத்தும், வெளியே வராது.

காரைநகர் ஐயா:

தம்பி, நான் காரைநகர்ச் சீநோர் படகு கட்டும் தளத்தில் படகு வார்த்துப் பழகினவன், நோர்வேக்காரரின் உதவியோடு தொடங்கின இடம். இப்ப பிள்ளைகளோடு கண்டியில் இருக்கிறேன். லொறிபொடித் தம்பி சொன்னது அத்தனையும் சரி. பலகையைப் பற்றி நான் சொல்கிறேன்.

முதலில் படகு முழுவதையும் தட்டிப் பாரும். ஸ்குரூ டிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் கை அகலத்துக்கு ஒரு தட்டு. நல்ல இடத்தில் டக்கென்று கேட்கும், படை பிரிந்த இடத்தில் பொத்தென்று அடங்கும். அந்த இடங்களைச் சோக்கட்டியால் வட்டமிடும். உமக்குக் கண்ணில் தெரிகிற பழுதைவிட அந்த வட்டங்கள்தான் கூடுதலாக இருக்கும், பயப்பட வேண்டாம்.

பலகையை மாற்றும்போது வெளித்தோலை வெட்ட வேண்டாம். உள்ளே இருந்து உள்தோலை மட்டும் கிரைண்டரால் வெட்டி எடுத்து, உக்கின மரத்தை உளியால் கடைசித் துளி வரை சுரண்டும். அதற்கு முதல் படகின் இரண்டு விளிம்பையும் குறுக்கே ஒரு மரத்தால் இறுக்கிக் கட்டிவிடும், இல்லாவிட்டால் பின்பக்கம் அகன்றுபோய்ப் பிறகு பலகை பொருந்தாது. வெளித்தோல் உள்பக்கம் நன்றாகக் காய வேண்டும். காய்ந்ததா என்று பார்க்க ஒரு பொலித்தீன் துண்டை நாலு பக்கமும் டேப் அடித்து ஒட்டி இரவு விடும். காலையில் பொலித்தீனின் உள்பக்கம் துளி துளியாக வேர்த்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. உங்கள் மலைநாட்டில் அது ஒரு கிழமையில் முடிகிற காரியமாக எனக்குத் தெரியவில்லை.

மரைன் பிளைவூட் 18 மி.மீ இரண்டை ஒட்டி ஒரே பலகையாக்கும். முகம் இரண்டுக்கும் விளிம்புக்கும் மெல்லிதாக ரெசின் பூசி விடும், விளிம்பில்தான் தண்ணீர் குடிக்கும். நறுக்கிய நூல் கலந்த தடிப்பான பேஸ்ட்டில் வெளித்தோலோடு அழுத்தி உட்கார வைத்து, மூலைகளை அதே பேஸ்ட்டால் வளைத்து, பிறகு மெட்டும் ரோவிங்கும் (தடித்த கண்ணாடி நூலால் நெய்த துணி) மாறி மாறிப் போடும். ஒவ்வொரு படையும் முந்தினதைவிட இரண்டு அங்குலம் கூடுதலாகப் படகின் பக்கச் சுவரிலும் அடியிலும் ஏற வேண்டும். என்ஜினின் உந்தல் முழுக்க அந்தப் பிடியில்தான் போகிறது. பலகை எவ்வளவு தடிப்பு என்பது அதற்குப் பிறகு.

போல்ட் ஓட்டை துளைக்கும்போது பெரிதாகத் துளைத்து, எபொக்சி (பொலியெஸ்டர் இல்லாத இன்னொரு வகை ரெசின்) பேஸ்ட்டால் அடைத்து, அது இறுகின பிறகு சரியான அளவில் மறுபடி துளையும். அப்படிச் செய்தால் போல்ட்டைச் சுற்றி மரம் வெளியே தெரியாது. உம்முடைய பலகை உக்கினதும் அந்த ஓட்டையால்தான்.

அடியில் தேய்ந்த இடத்துக்கு மேலே சும்மா ஒரு மெட் துண்டை ஒட்டினால் ஒருநாள் தோல் உரிகிற மாதிரிக் கழன்றுவிடும். ஓட்டின் தடிப்பைப் போல 12 மடங்கு அகலத்துக்குச் சுற்றிவரச் சரிவாகத் தேய்க்க வேண்டும். 5 மி.மீ ஓடென்றால் 60 மி.மீ. சரிவில் முதலில் மெட், பிறகு மற்றது. 450 கிராம் மெட் ஒரு படை ஏறத்தாழ 1 மி.மீ வரும், அதை வைத்துக் கணக்குப் போடும். ஒரு சதுர மீற்றருக்கு ரெசின் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கூட வேண்டும்.

ரெஜிபோம்: வேண்டவே வேண்டாம். பொலியெஸ்டர் ரெசினில் இருக்கிற ஸ்டைரீன் அதைக் கரைத்துக் குழியாக்கிவிடும். பொலியூரித்தேன் நுரை என்றால் தாங்கும், ஆனால் அதையும் அடைத்து மூடினால் ஒருநாள் தண்ணீர் குடித்துப் பாரமாகும், வெளியே எடுக்க வழி இராது. மூடியை இறுக்கமாகத் திருகுகிற காற்றுப் பெட்டி செய்து, உள்ளே மூடி போட்ட வெற்றுச் சோடாப் போத்தல்களை அடுக்கும். சிரிக்க வேண்டாம், அதை எடுத்துப் பார்க்கலாம், மாற்றலாம்.

நோர்வூட்டான்:

ஐயா, அண்ணே, ரொம்ப நன்றி. நகத்தால் அழுத்தினேன், பதிகிறது. சுரண்டி எடுத்துவிட்டேன். தட்டிப் பார்த்ததில் பக்கச் சுவரிலும் இரண்டு வட்டம் வந்திருக்கிறது.

காய வைக்க எனக்கு ஒரு யோசனை. ஷெட்டும் ஸ்டோரும் ஒரே சுவர். ஸ்டோரில் கொழுந்து வாட்டுகிற சூட்டுக் காற்று ஒரு ஜன்னலால் எங்கள் பக்கம் வருகிறது, அங்கே போட்டின் பின்பக்கத்தைத் திருப்பி வைத்தால் நன்றாகக் காயும். டீமேக்கர் (ஸ்டோரில் தேயிலை தயாரிப்பைப் பார்க்கிறவர்) தெரிந்தவர்தான். ரெசின் வேலையையும் அதே இடத்தில் செய்தால் குளிர்ப் பிரச்சினையும் தீர்ந்துவிடுமே? அப்புறம் யூடியூப்பில் எல்லோரும் எபொக்சிதான் போடச் சொல்கிறார்கள்.

லொறிபொடி:

ஐயோ தம்பி. காய வையுங்கள், தாராளமாக. ஆனால் ரெசின் டின்னை அந்தச் சுவர்ப் பக்கம் கொண்டு போகாதீர்கள். தேயிலை பக்கத்தில் இருக்கிற எந்த மணத்தையும் இழுத்துக்கொள்ளும் சாமான், வீட்டில் சவர்க்காரத்தோடு வைத்த தேயிலையைக் குடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஸ்டைரீன் மணம் வாட்டுகிற கொழுந்தில் ஏறினால் ஏலத்தில் அந்தத் தூளை யார் வாங்குவான்? டீமேக்கர் வேலையும் போகும், உங்கள் ஷெட்டும் போகும். காய்ந்ததும் போட்டை அங்கிருந்து இழுத்து எடுத்துவிட்டுத்தான் ரெசின்.

கம்பளை, கண்டிப் பக்கம் உறவு யாராவது இருந்தால் மூடி, பெட்டி எல்லாவற்றையும் அங்கே வார்த்துக் கொண்டுவாருங்கள். 500 மீற்றர் உயரத்தில் பாதித் தலைவலி இல்லை. பின்பலகையையும் அடியையும் மட்டும் மேலே செய்யலாம்.

கண்டி எபொக்சி:

நான் எபொக்சிக் கட்சி. மரத்தில் பொலியெஸ்டரைவிட எபொக்சி பல மடங்கு நன்றாகப் பிடிக்கும், இறுகும்போது சுருங்குவதும் குறைவு. பழைய பொலியெஸ்டர் ஓட்டின் மேலும் தேய்த்துவிட்டுப் போடலாம். தண்ணீர் உள்ளே ஊறுவதும் குறைவு, அது உங்களுக்கு முக்கியம், ஏனென்றால் பைபர் ஓட்டில் கொப்புளம் வருவதற்குக் கடல் தண்ணீரைவிட நல்ல தண்ணீர்தான் மோசம். உப்பில்லாத தண்ணீர் ஜெல் கோட்டுக்குள் வேகமாக இழுபடும். வருடம் முழுக்க நீரில் மிதக்கிற போட் என்றால் அடியில் எபொக்சி பூச்சு கட்டாயம் என்று சொல்வேன். மரத்துக்கு வேறு எதையும் நம்பாதீர்கள்.

காரைநகர் ஐயா:

எபொக்சித் தம்பியோடு அரைவாசி ஒத்துப்போகிறேன். கொப்புள விஷயம் உண்மை. பலகையை ஒட்ட, போல்ட் ஓட்டை அடைக்க, அடியில் கடைசிப் பூச்சுக்கு எபொக்சி நல்லது. ஆனால் படகு முழுவதற்கும் எபொக்சி என்றால் அந்தக் காசுக்கு இன்னொரு படகு வாங்கலாம். அதோடு குளிரிலும் ஈரத்திலும் எபொக்சி மேலே மெழுகு மாதிரி ஒரு வழுவழுப்பு விடும், அதைத் தண்ணீராலும் ஸ்கொட்ச் பிரைட்டாலும் கழுவாமல் அடுத்த படை போட்டால் பிடிக்காது. கலவை அளவு கொஞ்சம் பிசகினாலும் போச்சு, பொலியெஸ்டர் மாதிரி ஹார்ட்னரைக் கூட்டிக் குறைக்க ஏலாது.

ஒன்றை மட்டும் மறவாதேயும். எபொக்சியின் மேல் பொலியெஸ்டரோ ஜெல் கோட்டோ போடக்கூடாது, சரியாக ஒட்டாது. ஆகவே பொலியெஸ்டர் வேலை எல்லாம் முதலில், எபொக்சி கடைசியில். பலகையை எபொக்சியில் உட்கார வைத்தால் அதன் மேல் வருகிற துணியும் எபொக்சியிலேயே வரட்டும், அப்ப மெட் வேண்டாம், நெய்த துணி போதும். சாதாரண மெட்டைப் பிடித்து வைத்திருக்கிற பசை ஸ்டைரீனில்தான் கரையும், எபொக்சியில் அது விறைத்தபடியே கிடக்கும்.

மவுசாகலை வலை:

பைபர் விஷயம் எனக்குத் தெரியாது, ஆனால் அந்தத் தண்ணீரை எனக்குத் தெரியும், அதனால் எழுதுகிறேன்.

நோர்வூட் தம்பி, உங்கள் சித்தப்பாவை நான் பார்த்திருக்கவும் கூடும். 18 அடி கடல் போட் இங்கே பெரிசு. அலைக்கு நல்லதுதான், பின்னேரக் காற்று அடிக்கும்போது வள்ளக்காரர் எல்லோரும் கரைக்கு ஓடுவோம், நீங்கள் நிற்பீர்கள். ஆனால் மாசி, பங்குனியில் தண்ணீர் இறங்கும்போது கரை நாளுக்கு நாள் தள்ளிப் போகும், அந்தச் சேற்றில் இந்தப் பாரத்தை இரண்டு பேர் இழுக்க முடியாது. ஆகவே நீங்கள் வார்க்கிற ஒவ்வொரு பெட்டியும் தட்டும் எடையைக் கூட்டுகிறது என்பதை யோசித்துச் செய்யுங்கள். தட்டு எதற்கு? வலையைச் சாக்கில் போடுங்கள். மூடியும் ஆசனமும் போதும்.

அடி பற்றி. தண்ணீர் குறைந்தால் பழைய மஸ்கெலியா டவுன், கோவில், சுவர், படிக்கட்டு எல்லாம் வெளியே வரும், படம் எடுக்க ஆட்கள் வருவார்கள். எங்களுக்கு அதில் ஆபத்து வெளியே தெரிகிற சுவர் இல்லை, ஒரு முழம் ஆழத்தில் தெரியாமல் நிற்கிற சுவரும் மரக்கட்டையும்தான். உங்கள் போட்டின் நடு அடியில் முன்னிருந்து பின்வரை இரண்டு மூன்று படை கூடுதலாகப் போட்டு, அதன் மேல் தேய்ந்தால் கழற்றி மாற்றக்கூடிய மரச் சட்டம் ஒன்று அடியுங்கள். ஐயாமார் சொல்லுங்கள், போட்டின் ஓட்டில் துளை போட்டுச் சட்டத்தை அடிக்கலாமா?

என்ஜினும் கொஞ்சம் ஏமாற்றும். 1000 மீற்றருக்கு மேலே காற்று மெலிவு, ஒவ்வொரு 300 மீற்றருக்கும் ஏறத்தாழ 3 வீதம் வலு குறையும் என்பார்கள், இங்கே பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகிறது. கடலில் ஓடிய என்ஜினை அப்படியே மாட்டினால் முழுச் சுற்றுக்கு வராமல் திணறும். பிட்ச் (ஒரு சுற்றுக்கு முன்னே தள்ளுகிற தூரம்) குறைந்த புரொப்பெல்லர் தேடுங்கள்.

காரைநகர் ஐயா:

துளைக்க வேண்டாம். தண்ணீருக்குக் கீழே தேவையில்லாத ஒரு ஓட்டையும் வேண்டாம். சட்டத்தை நெகிழ்கிற பொலியூரித்தேன் சீலண்டால் ஒட்டி, முன் முனையில் மட்டும் கம்பித் தகடு ஒன்றால் மேலே, தண்ணீர் மட்டத்துக்கு மேல், பிடிக்கும். கட்டையில் மோதினால் சட்டம் கழன்று போகட்டும், ஓடு தப்பும்.

எடை பற்றி வலைக்காரத் தம்பி சொன்னது பொன். மூடியை மெட் இரண்டு படையில் வார்த்து, பின்பக்கத்தில் பாதியாக வெட்டின பி.வி.சி. குழாயைக் குறுக்கே வைத்து அதன் மேல் ஒரு படை போட்டால் விறைப்பு வரும், பாரம் வராது. அந்தக் குழாய்க்குப் பலம் வேண்டியதில்லை, அதன் வளைவுதான் வேண்டும்.

நோர்வூட்டான்:

சரி ஐயா. தட்டை விட்டுவிட்டேன், சித்தப்பாவுக்குக் கொஞ்சம் கோபம். மூடியும் ஆசனமும் கம்பளையில் சின்னம்மாவின் வீட்டில் வார்க்கப் போகிறேன். பின்பலகையின் உள்தோலை வெட்டித் திறந்தாயிற்று, மரம் வாளி கணக்கில் வந்தது, ஒரு பக்க மூலையில் மட்டும் இன்னும் நல்ல மரம் கெட்டியாக இருக்கிறது. அதை அப்படியே விட்டு மிச்சத்துக்கு மட்டும் பிளைவூட் போடலாமா?

காரைநகர் ஐயா:

வேண்டாம், அதையும் எடும். கெட்டியாக இருந்தாலும் ஈரம் உள்ளே ஏறியிருக்கும், பக்கத்தில் புதுப் பலகையின் மூட்டு அங்கேதான் வரும், என்ஜின் உதைக்கிற இடமும் அதுதான்.

மவுசாகலை வலை:

பதிவுப் புத்தகம் நீர்கொழும்புக்காரரிடம் வாங்கினீர்களா? 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டத்தின்படி மீன்பிடிப் படகு பதிவில் இருக்க வேண்டும். பழைய இலக்கம் ஓட்டில் எங்காவது எழுதியிருக்கும், தேய்ப்பதற்கு முதல் படம் எடுத்து வையுங்கள்.

நோர்வூட்டான்:

முன்பக்கம் இலக்கம் இருக்கிறது, நாளைக்கே படம் எடுக்கிறேன். புத்தகம் சித்தப்பாவிடம் கேட்டுச் சொல்கிறேன் அண்ணே.